குணமானவருக்கு நாற்காலி இல்லை

மருத்துவமனையின் பெயரைச் சொல்லமாட்டேன். ஜொகூரில் இருக்கிறது, ஏர்கண்டிஷன் நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேல் அடையாளம் சொல்லி அவர்களைப் பகைத்துக்கொள்ள எனக்கு வசதிப்படாது. அங்கே எனக்கு ஒரு நாற்காலி தேவை.

நான் ரொனால்ட். ஆயர் ஈத்தாமில் ஒரு பானைக் கடையில் வேலை. பஸ்ஸை நிறுத்தி இறங்குகிறவர்களுக்குப் பூச்சட்டி, உண்டியல், பீங்கான் யானை எல்லாம் விற்று, உடையாமல் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுப்பேன். என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "கொஞ்சம் சாப்பிடுங்க லா, காத்துல பறந்துடப் போறீங்க." என் எடை ஐம்பத்து நான்கு கிலோ. ஆனால் இந்த ஐம்பத்து நான்கு கிலோவுக்குள் ஓடுகிற ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை மூன்று குண்டு மனிதர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

நான் தின்று சேர்த்தது இல்லை. பரம்பரைச் சொத்து. அப்பாவிடம் ஒரு பங்கு இருந்தது, அம்மாவிடம் ஒரு பங்கு இருந்தது. இருவரும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று செய்துவைத்த கல்யாணம். எதுவும் விட்டுப் போகவில்லை. இரண்டு பங்கும் பத்திரமாக என்னிடமே வந்து சேர்ந்தன. அப்பா முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனார். அண்ணன் ரபேலுக்கும் இரண்டு பங்கு. அவன் முப்பத்து மூன்றில் போனான். எனக்கு முப்பத்து நான்கில் நெஞ்சைத் திறந்து, காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்தார்கள். இப்போது நாற்பத்து மூன்று. எங்கள் குடும்பத்தில் இன்று மூத்த ஆண்மகன் நான்தான். அந்தப் பதவிக்கு வேறு போட்டியாளர் இல்லை.

அப்பா போனபோது எனக்குப் பதினான்கு வயது. என் மகள் அபிகெயிலுக்கு இப்போது பதின்மூன்றரை. நான் கணக்கில் மோசம். இந்த ஒரு கணக்கு மட்டும் கேட்காமலே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

மாத்திரைகள் எனக்குப் போதவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வருகிற இதய நிபுணர் டாக்டர் விஜயன் ஒரு நாள் சொன்னார்: "ரத்தத்தை வெளிய எடுத்து, கெட்ட கொழுப்பைச் சலிச்சுட்டு, திரும்ப உள்ள விடணும் மிஸ்டர் ரொனால்ட். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. வாழ்க்கை முழுக்க. நல்லவேளை, இங்க மெஷின் வந்திருக்கு."

மெஷின் வந்திருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்துகொள்ளும் நாற்காலி ஒன்று. "தூய இரத்தத் திட்டம்" என்று ஒரு பலகை. அந்தத் திட்டத்தின் நோயாளிகள் மொத்தம் ஒருவர். அதாவது நான்.

இரண்டு கையிலும் இரண்டு ஊசி. ஒரு கையில் போகும், மறு கையில் வரும். மூன்று மணி நேரம் கையை மடக்கக் கூடாது. கடைசியில் ஒரு பையில் மஞ்சளாக ஒன்று சேர்ந்திருக்கும். செம்பனைக் காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். எண்ணெய் ஆலையை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது அந்தப் பையைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. தாதி விசாலி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இன்னிக்கு நல்ல மகசூல்ண்ணே" என்பார். கை இரண்டும் கட்டுண்டு கிடக்கும்போதுதான் மூக்கு அரிக்கும். அதற்கென்றே என் மனைவி ஐலீன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பாலர் பள்ளி ஆசிரியை. பிறர் மூக்கைக் கவனித்துப் பழக்கம்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மெஷின் தனியாக வரவில்லை. கூடவே படிவங்களும் வந்திருந்தன.

ஒவ்வொரு முறையும் ஊசி குத்துவதற்கு முன் உணவு ஆலோசகர் அமண்டாவைப் பார்த்தாக வேண்டும். சின்னப் பெண், நல்ல பெண். மேசை நிறைய பிளாஸ்டிக் பொரித்த கோழி, பிளாஸ்டிக் ரொட்டி சானாய்.

"அங்கள், நாசி லெமாக் வாரத்துக்கு எத்தனை?"

"அந்தத் தேங்காய்ப்பால் சோத்தைத் தொட்டு இருபது வருஷமாச்சும்மா."

"பூஜ்யமா? அலமாக். கட்டத்துல பூஜ்யமே இல்லியே அங்கள். ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்குது."

"அப்ப ஒண்ணு போட்டுக்கம்மா."

"ஒண்ணு போட்டா அடுத்த தடவை குறைச்சுக் காட்ட முடியாதே. முன்னேற்றம் வரணும்ல?" கொஞ்சம் யோசித்தாள். "ஏழு போடறேன். மெல்ல மெல்லக் குறைச்சுக்கலாம்."

நானும் உண்மையாக ஒத்துழைத்தேன். ஐந்து மாதத்தில், நான் சாப்பிடாத ஏழு நாசி லெமாக்கில் ஆறை அடியோடு விட்டுவிட்டேன். அமண்டா கண் கலங்கிக் கையைப் பிடித்துப் பாராட்டினாள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்தவர் திட்ட ஒருங்கிணைப்பாளர் திரு. தேனப்பன். மருத்துவர் அல்ல. அதை அவரே அடிக்கடி சொல்வார்: "மருத்துவம் டாக்டர்களுக்கு. நமக்கு இலக்கு." எந்தப் பிரமுகர் மருத்துவமனைக்கு வந்தாலும் நேராக என் நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். வேறு நோயாளிகளாக இருந்தால் எழுந்து போய்விடுவார்கள், என்னால் முடியாது. ஊசி இரண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடினால் ஒழிய, அவருடைய உரையிலிருந்து எனக்கு விடுதலை இல்லை.

"உங்கள் இதயத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டீர்கள்" என்று ஒரு முறை என்னைக் காட்டி முழங்கினார். "அந்தக் கையை நாங்கள் ஒவ்வொரு மணி நேரமும் கழுவிக்கொண்டே இருக்கிறோம்!"

பிரமுகர்கள் கைதட்டினார்கள். தேனப்பன் என்னைப் பார்த்தார். நான் சும்மா கிடந்தேன்.

"மிஸ்டர் ரொனால்டால் தட்ட முடியாது" என்று விளக்கிவிட்டு, விசாலியைப் பார்த்து, "மிஸ்ஸி, அவர் சார்பா நீங்க தட்டுங்க" என்றார். விசாலி தட்டினார். படிவத்தில் "நோயாளி திருப்தி" என்ற இடத்தில் ஒரு சரி போடப்பட்டது.

பத்தாவது முறை முடிந்து ஊசிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது தேனப்பன் ஒரு மலர்க்கொத்தோடு வந்தார்.

"வாழ்த்துகள் மிஸ்டர் ரொனால்ட். நீங்க குணமாயிட்டீங்க."

"யாரு?"

"நீங்கதான். மூணு தடவை தொடர்ந்து உங்க ரத்தம் இலக்கைத் தொட்டிருக்கு. சிஸ்டம் உங்களை விடுவிச்சிருச்சு."

ஐலீன் எழுந்து நின்றாள். "சார், ரத்தம் எப்ப எடுத்தீங்க?"

"சிகிச்சை முடிஞ்ச உடனே. விதிமுறை அப்படித்தான்."

"கழுவின உடனே தட்டு சுத்தமாத்தானே சார் இருக்கும்? ரெண்டு வாரத்துல திரும்ப ஏறிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரே."

தேனப்பன் பரிவோடு சிரித்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வர்ற ரத்தத்துக்கு எங்க படிவத்துல கட்டம் இல்ல மேடம்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஐலீன் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான்தான் எதையாவது உளற வேண்டும். "பாரேன், எங்க வம்சத்துலயே குணமான முதல் ஆள் நான்தான்" என்றேன். அவள் மலர்க்கொத்தைக் கார் ஜன்னல் வழியாக வெளியே பிடித்தாள். ஒவ்வொரு பூவாக நெடுஞ்சாலையில் போனது.

டாக்டர் விஜயன் கேள்விப்பட்டு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டுக்கும் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. மூன்றாவதாக நான் நேரில் போனேன். தேனப்பன் என்னை உட்காரவைத்து மைலோ வரவழைத்தார். நல்ல மனிதர்தான். என்னிடம் அவருக்கு இருந்தது மெய்யான பாசம். நூறு விழுக்காடு வெற்றியை வேறு யார் அவருக்குக் கொடுத்தார்கள்?

"சார், என்னைத் திரும்பச் சேர்த்துக்கங்க."

"குணமானவரை எப்படிச் சேர்க்கறது? நோயாளிகளுக்கு அநியாயம் இல்லையா?"

"எந்த நோயாளிக்கு சார்? நாற்காலி காலியாத்தானே கிடக்கு?"

"இப்பக் காலி. ஆனா காத்திருப்புக் காலம் ஒன்பது மாசம்."

"பட்டியல்ல எத்தனை பேர் காத்திருக்காங்க?"

"இதுவரைக்கும் யாரும் இல்ல." குரலைத் தாழ்த்தினார். "இன்னும் திட்டத்துக்குத் திறப்பு விழாவே நடக்கல மிஸ்டர் ரொனால்ட். உங்களுக்குச் செஞ்சதெல்லாம் ஒத்திகை. திறந்த பிறகு, குணமானவர் வேணும்னா அஞ்சு வருஷம் கழிச்சு விண்ணப்பிக்கலாம். அதுக்கு முன்ன நோய் திரும்பினா வெற்றி விகிதம் அடிபடும். நூத்துல இருந்து நேரா பூஜ்யத்துக்குப் போயிடும். நீங்க ஒரு ஆள்தானே."

திரும்பும்போது அறைக்கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். என் நாற்காலிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

நான் குணமான ஐந்தாவது வாரம். கடையில் ஒரு பெரிய ஜாடி, அதிகம் போனால் பன்னிரண்டு கிலோ. லாரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. ஜாடியை உடைக்காமல் இறக்கிவைத்தேன், தொழில் பழக்கம். பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நாக்குக்கடியில் மாத்திரை வைத்துக்கொண்டேன். வலி போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை.

அன்று மாலை ஐலீன் என் சட்டைப்பையிலிருந்து மாத்திரைக் குப்பியை எடுத்து, கீழே கொட்டி எண்ணினாள். "ஒண்ணு குறையுது."

"கீழ விழுந்துடுச்சு."

"எங்க, நாக்குக்குக் கீழயா?"

பிறகு அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினாள். அபிகெயில் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா?" என்றாள். "அம்மா இன்னிக்குப் மேளம் வாசிக்கிறாங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பதின்மூன்றரை வயதில் எல்லாம் புரிந்துவிடுகிறது.

ஆறாவது வாரம் அழைப்பிதழ் வந்தது. திட்டத் திறப்பு விழா, அதோடு "குணமடைந்த முதல் வீரருக்குச் சிறப்புச் செய்தல்". வீரர் காலை ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும், கழுத்தில் டை அணிவது நல்லது என்று எழுதியிருந்தது.

"நான் போகல" என்றேன்.

"போறோம்" என்றாள் ஐலீன்.

காரில் ஏறிக் கூலாய் நகரத்தைத் தாண்டுகிறவரை காரணம் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். விசாலி போன் செய்திருக்கிறார். மேடையிலேயே வீரரின் விரலில் குத்தி, எல்லாருக்கும் முன்னால் அளவைக் காட்டினால் மக்கள் நம்புவார்கள் என்று தேனப்பனுக்கு யோசனை சொன்னது விசாலிதானாம். அவரும் துள்ளிக் குதித்து நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டாராம்.

"இப்ப என் ரத்தம் என்ன லட்சணத்துல இருக்கும்னு தெரியுமா? சிறப்பு விருந்தினர் முன்னால அந்த மனுஷன் மானம் போயிடும் லா. பாவம், மைலோ எல்லாம் வாங்கிக் குடுத்தாரு."

"அவர் மானம் போனா நாளைக்கே திரும்பி வந்துடும்ங்க" என்றாள் ஐலீன், சாலையைப் பார்த்தபடி. "நீங்க போனா வருவீங்களா?"

மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலிலேயே விருந்து: பொரித்த கோழி, கறிபாப், நாசி லெமாக் மலை. இதய விழிப்புணர்வு உரைகள் நீளும் என்பதால் கூட்டம் முன்கூட்டியே தெம்பேற்றிக்கொண்டிருந்தது. அமண்டா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "அங்கள், ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க. உங்க கணக்குல வாரத்துக்கு ஒண்ணு இன்னும் இருக்கு" என்றாள்.

மேடையில் எனக்குத் தங்க நிறத் தோள்பட்டி போட்டார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு, இரண்டு பேர் தூக்கிவந்த ஒரு ஹம்பர், பரிசுக்கூடை. ஆதரவாளர்கள் அன்பளிப்பு: நெய் டின், வெண்ணெய் பிஸ்கட், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பாட்டில் சமையல் எண்ணெய். சிறப்பு விருந்தினர் அதை என் கையில் கொடுத்தபோது எனக்குக் கால் மடங்கியது. பணிவு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"இந்தத் திட்டத்தின் வெற்றி விகிதம் நூறு விழுக்காடு!" என்று தொடங்கினார் தேனப்பன். "சேர்ந்தவர் ஒருவர். குணமானவர் ஒருவர். உலகத்தில் எந்த மருத்துவமனையும் இதைவிட அதிகம் காட்ட முடியாது. ஏனென்றால் நூறுக்கு மேல் விழுக்காடு கிடையாது!"

விசாலி என் விரலில் குத்தி, ஒரு சொட்டை எடுத்து மீட்டரில் வைத்தார். மூன்று நிமிடம் ஆகும். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் மீட்டரைக் காட்டினார்கள். மூன்று நிமிடத்தையும் தேனப்பன் விடவில்லை.

"சிலர் கேட்கிறார்கள், நோயாளியை விட்டுவிட்டு இலக்கைப் பார்க்கிறீர்களே என்று. நான் கேட்கிறேன், நோயாளி இன்று வருவார், நாளை போவார். இலக்கு அப்படியா? போன வருடம் வைத்த இலக்கு இன்றும் என் மேசையில் ஆரோக்கியமாக இருக்கிறது!"

மீட்டர் பீப் என்றது. திரையில் எண் எதுவும் வரவில்லை. மேல்நோக்கி ஓர் அம்புக்குறி மட்டும் நின்றது.

தேனப்பன் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தீர்களா! அம்புக்குறி மேலே! முன்னேற்றம்!"

இடி முழக்கம்போல் கைதட்டல். சிறப்பு விருந்தினர் எழுந்தே நின்றுவிட்டார். நானும் தட்டினேன். அன்று என் கை இரண்டும் சும்மா இருந்தன, வேறு என்ன செய்ய?

விசாலி மைக்கை மெதுவாக வாங்கினார். "சார், அது முன்னேற்றம் இல்ல. மீட்டர் பத்து வரைக்கும்தான் காட்டும். அதுக்கு மேல போனா அம்புக்குறி வரும்."

கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக நின்றது.

"மீட்டர் கோளாறு" என்றார் தேனப்பன். வேறு மீட்டர் வந்தது. இன்னொரு விரல், இன்னொரு மூன்று நிமிடம், இன்னொரு அம்புக்குறி. "இந்தப் பெட்டியே கோளாறு" என்று தன் விரலையே நீட்டினார். அவருக்கு நான்கு புள்ளி ஆறு வந்தது. அழகான எண். அவருடைய வாழ்நாளில் நல்ல எண் ஒன்றைப் பார்த்து அவர் வருந்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பொந்தியானிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கருப்பாயி என்கிற அம்மாள், கையில் கறிபாப்போடு முன்வரிசையிலிருந்து எழுந்தார். "ஐயா, மெஷினு நல்லாத்தான் இருக்கு. அந்தத் தம்பிதான் நல்லா இல்ல. மூஞ்சியைப் பாத்தாலே தெரியலியா? பிடிச்சு உக்கார வைங்கய்யா!"

உண்மையில் எனக்கு அப்போது மறுபடியும் நெஞ்சில் அந்த முழங்கால் வந்திருந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து ஐலீன் மேடையேறி வந்து, ஹம்பரைக் காலால் தள்ளிவிட்டு, என்னைச் சிறப்பு விருந்தினரின் நாற்காலியில் உட்காரவைத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரையை வைத்தாள்.

தேனப்பன் என் அருகில் வந்து நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. என் தோளில் கை வைத்தார்.

"நிஜமாவே வலிக்குதா?" என்று கேட்டார். மைக் இல்லாமல்.

"கொஞ்சம் சார்."

"நான் படிவத்தை நம்பிட்டேன் மிஸ்டர் ரொனால்ட்."

"பரவால்ல சார். எல்லாருக்கும் நம்ப ஏதாவது வேணும்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரை நிமிடம் போயிருக்கும். அதற்குமேல் அவரால் வெறும் மனிதராக இருக்க முடியவில்லை. சிறப்பு விருந்தினர் பார்த்துக்கொண்டிருந்தார், படம் எடுக்கிறவர் காத்திருந்தார். தேனப்பன் மைக்கை எடுத்தார்.

"பெரியோர்களே! குணமடைந்த ரொனால்ட் சான்றிதழ் பெற்று நம்மிடமிருந்து விடைபெற்றுவிட்டார். அந்த வெற்றி வெற்றிதான், அதை யாரும் தொட முடியாது. இங்கே அமர்ந்திருப்பவர் வேறு. திட்டத்தைத் திறக்கும் முன்பே, இதே மேடையில், கடுமையான பரம்பரைக் கொழுப்புள்ள ஒரு புதிய நோயாளியை நாம் கண்டுபிடித்திருக்கிறோம்! விழாவில் கண்டுபிடிக்கப்பட்டவருக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது!"

முன்பைவிடப் பெரிய கைதட்டல். புதிய நோயாளியான எனக்கும் ஒரு ஹம்பர் தூக்கிவரப்பட்டது.

அடுத்த அரைமணியில் ரிப்பன் வெட்டினார்கள். டாக்டர் விஜயனுக்குப் போன் போனது. "ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு, வலி அடங்கியிருந்தா இன்னைக்கே ஆரம்பிங்க" என்றார். எடுத்தார்கள், அடங்கியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, ஊசி குத்தும் முன் விசாலி புதிய படிவத்தை நீட்டினார். இதற்கு முன் இந்த மருத்துவமனைக்கு வந்ததுண்டா: இல்லை. குடும்பத்தில் யாராவது குணமானதுண்டா என்ற இடத்தில் நான் கொஞ்சம் தயங்கி, "ஒருவர்" என்று எழுதினேன்.

கடைசிக் கட்டத்தில் விசாலி விரலை வைத்தார். எதிர்பார்க்கப்படும் சிகிச்சை எண்ணிக்கை.

"அண்ணே, இதுதான் முக்கியம். இலக்கைத் தொட்டாலும், இதுல போட்ட எண்ணிக்கை முடியாம சிஸ்டம் ஆளை விடாது. போன தடவை யாரோ பத்துன்னு போட்டுட்டாங்க."

"இருபது போடலாமா?" என்றேன். "ரொம்பக் கேட்டா தப்பா நினைப்பாங்க."

ஐலீன் பேனாவைப் பிடுங்கினாள். அந்தக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. 99 என்று அழுத்தி எழுதினாள்.

கையெழுத்துப் போட வந்த தேனப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தொண்ணூத்தொம்பதா? எந்த அடிப்படையில மேடம்?"

"கட்டம் அவ்வளவுதான் சார் இருக்கு."

தேனப்பன் கட்டத்தைப் பார்த்தார். அளவில் பிழை எதுவும் இல்லை. எண் கோட்டைத் தாண்டவில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

ரத்தம் போகவும் வரவும் தொடங்கியது. நான் கண்ணை மூடிக் கணக்குப் போட்டேன். தொண்ணூற்றொன்பது முறை, இரண்டு வாரத்துக்கு ஒன்று. நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாரம். கடைசி முறை வரும்போது அபிகெயிலுக்குப் பதினேழு முடிந்திருக்கும்.

"அதுக்கப்புறம்?" என்று ஐலீனிடம் கேட்டேன்.

அவள் முதல் ஹம்பரையும் இரண்டாவது ஹம்பரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அமண்டாவுக்கு எது, கருப்பாயி அம்மாளுக்கு எது என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் என்ன, திரும்பவும் குணமாகுங்க. திரும்பவும் புது ஆளா வாங்க. நான் கூடத்தானே வரப்போறேன்?"